கல்லூரி இசை இதழுக்குப் பக்கம் திட்டமிடுவது எப்படி: டம்மி மடிப்பதிலிருந்து அச்சகம் வரை

மாணவர்கள் கொண்டுவரும் இசை இதழ் கையில் எடுத்ததும் சப்பென்று இருந்தால், குறை பெரும்பாலும் எழுத்திலோ படத்திலோ இருப்பதில்லை. கட்டுரைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கடைசி வாரத்தில்தான் லே-அவுட்டைப் பற்றி யோசித்திருப்பார்கள். அதுவும் இணையத்தில் கிடைத்த ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் டெம்ப்ளேட்டை எடுத்து, அதன் கட்டங்களுக்குள் தமிழை நிரப்பியிருப்பார்கள். தமிழ் எழுத்துக்கு வேண்டிய இடம் வேறு. பறை, உறுமி, ஒயில் கும்மி என்று நம் பக்கத்துக் கலைகளை எடுக்கும் படத்துக்கு வேண்டிய சட்டமும் வேறு. எழுதுவதற்கு முன்பே பக்கத்தைத் திட்டமிட்டால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் கல்லூரிகளில் இதழ் நடத்தும் மாணவர்களையும், அவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக 28 பக்க இதழ் ஒன்றை வைத்துக்கொள்வோம். உள்ளே 24 பக்கம், மேலே 4 பக்க ரேப்பர் (மேலட்டை), நடுவில் சென்டர் பின். முதல் இதழுக்கு இது போதும்.

1. அளவை அச்சகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்

கணினியைத் திறந்ததும் எல்லோரும் ஏ4 என்று போட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆஃப்செட் அச்சகங்களில் அதிகம் புழங்கும் தாள் 23 × 36 அங்குலம். அந்தத் தாளின் ஒரு புறத்தில் இதழின் எட்டுப் பக்கங்கள், நீளவாக்கில் நான்கும் அகலவாக்கில் இரண்டுமாக உட்காரும். ஏ4-இன் உயரம் 11.69 அங்குலம். இரண்டை அடுக்கினால் 23.4 அங்குலம் ஆகிறது. தாள் 23 தான். அரை அங்குலம்கூட இல்லாத அந்தக் குறைக்காகப் பெரிய தாள் வாங்க வேண்டும், அல்லது ஒரு தாளில் குறைவான பக்கங்களை ஓட்ட வேண்டும். இரண்டிலும் செலவு கூடும்.

அதனால் 8.5 × 11 அங்குலம் நல்ல அளவு. அச்சகத்தில் கால் டெமி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். 23 × 36 தாளில் ஒரு பக்கத்துக்கு 9 × 11.5 அங்குலம் கிடைக்கிறது; வெட்டிய பிறகு 8.5 × 11 நிற்கும். உங்கள் அச்சகம் 25 × 36 தாள் வைத்திருந்தால் ஏ4-உம் சரி. பிரதிகள் குறைவு, டிஜிட்டலில்தான் அடிக்கப்போகிறோம் என்றால் 13 × 19 தாளில் இரண்டு அளவுமே எதிரெதிர்ப் பக்கங்களாக அடங்கும். இதைக் கேட்டுக்கொள்ள ஒரு போன் போதும். கேட்காமல் தொடங்கினால் பின்னால் எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டிவரும்.

தாளையும் அப்போதே பேசிவிடுங்கள். உள்பக்கங்களுக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள், ரேப்பருக்கு 250 ஜிஎஸ்எம் அளவில் ஆர்ட் கார்டு என்ற வழவழப்பான அட்டை என்பது மாணவர் பட்ஜெட்டுக்கு ஒத்துவரும். புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். பள்ளிபாளையத்திலும் தாள் ஆலை இருக்கிறது. தாளுக்குப் பஞ்சமில்லாத ஊர்ப்பக்கம் நம்முடையது. மேப்லித்தோவில் கண் கூசாது, படிக்க சுகம். ஆனால் மையை உறிஞ்சும், அதனால் படங்கள் கொஞ்சம் கறுத்துப் போகும். அதை எப்படிச் சமாளிப்பது என்பதைப் படங்களைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

2. டம்மி மடியுங்கள்

ஏழு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாதியாக மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். 28 பக்க டம்மி, அதாவது வெற்று மாதிரி இதழ், தயார். வெளித்தாளின் நான்கு பக்கங்களுக்கு ரே-1 முதல் ரே-4 வரை எழுதுங்கள். உள்ளே 1 முதல் 24 வரை பென்சிலில் எண் போடுங்கள். ஒற்றை எண் எப்போதும் வலப்பக்கம், இரட்டை எண் இடப்பக்கம்.

டம்மியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் உடனே புரியும். ஒன்று, பின் அடிக்கும் இதழில் பக்கம் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். கட்டுரை நீண்டுவிட்டது, ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு வழியே இல்லை. இரண்டு, 12-உம் 13-உம் மட்டுமே ஒரே தாளில் ஒட்டி நிற்கும் எதிரெதிர்ப் பக்கங்கள். மற்ற எல்லா ஜோடிகளும் வெவ்வேறு தாள்களில் அச்சாகி, மடிப்பில் வந்து சேர்பவை. அங்கே குறுக்கே ஓடும் படம் ஒரு மில்லிமீட்டர் ஏற இறங்க நிற்கலாம். மூன்று, உள்ளே போகப் போகத் தாள் வெளியே தள்ளிக்கொண்டு வரும், வெட்டும்போது நடுப்பக்கங்களின் ஓரம் சற்று அதிகமாகப் போகும். பக்க எண்ணை ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டராவது உள்ளே வையுங்கள்.

இந்த டம்மி இதழ் முடியும்வரை மேசையில் இருக்கட்டும். கணினியில் எத்தனை அழகான திட்டம் போட்டாலும், கையில் புரட்டிப் பார்க்கிற டம்மியில் தெரிவது திரையில் தெரியாது.

3. பக்கங்களைப் பங்கு போடுவது

முதலில் பணம். எல்லாப் பக்கமும் கலரில் அடிக்க முடியாது என்றால், எந்தப் பக்கங்கள் கலர் என்பதை ஆசைப்படி முடிவு செய்ய முடியாது. ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுப்பு, அதுதான் முடிவு செய்யும். 24 பக்கம் என்பது 16 பக்க ஃபாரம் ஒன்று, 8 பக்க ஃபாரம் ஒன்று. அந்த 8 பக்க ஃபாரத்தை உள்ளே போடச் சொன்னால் 9 முதல் 16 வரை கலர், 1 முதல் 8 வரையும் 17 முதல் 24 வரையும் கறுப்பு வெள்ளை. நடுப்பக்கம் கலருக்குள் வந்துவிடுகிறது. மாணவர் இதழுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது டம்மியில் நிரப்பிப் பார்ப்போம். ரே-1 அட்டை. ரே-2, ரே-3, ரே-4 மூன்றும் விளம்பரம். நகைக்கடை, ஜவுளிக்கடை, ரைஸ் மில், முன்னாள் மாணவர் நடத்தும் நிறுவனம் என்று நம் ஊரில் வாழ்த்து விளம்பரம் தருபவர்களுக்குக் குறைவில்லை. 9-ஆம் பக்கத்தையும் 16-ஆம் பக்கத்தையும் கலர் விளம்பரத்துக்கு விடுங்கள். இந்த இரண்டும் கலர் ஃபாரத்தின் வெளி ஓரங்கள், எதிரே இருப்பது கறுப்பு வெள்ளைப் பக்கம். அங்கே கலர் விளம்பரம் எடுப்பாகத் தெரியும், நல்ல தொகையும் கேட்கலாம். நடுவில் இருக்கும் 10 முதல் 15 வரையான ஆறு பக்கங்கள் முழுவதும் உங்களுடைய முதன்மைக் கட்டுரைக்கு. அதற்குள் ஒரு விளம்பரமும் நுழையக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1-ஆம் பக்கம் பொருளடக்கம். 2 வாழ்த்துச் செய்திகள். தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் என்று ஆளுக்கொரு பக்கம் கொடுத்தால் வாசகர் உள்ளே நுழையும் முன்பே மூன்று பக்கம் போய்விடும். ஆளுக்கு 60 சொல், சிறிய படம், எல்லோரும் ஒரே பக்கத்தில் என்று மரியாதையாக முன்கூட்டியே சொல்லுங்கள். டம்மியைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். 3 தலையங்கம். 4, 5 கல்லூரி இசைச் செய்திகள். 6, 7 மாணவர் இசைக்குழு ஒன்றின் பேட்டி. 8 சின்னச் சின்னத் துணுக்குகள்.

17-இல் நம் பகுதியின் பழைய இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றிய தொடர் பக்கம். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் ஓர் இதழுக்கு, புல்லாங்குழல் மேதை பல்லடம் சஞ்சீவ ராவ் அடுத்த இதழுக்கு என்று வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஓடும். 18, 19 சுரக்குறிப்போடு ஒரு பாடம். 20, 21 பாடல் தொகுப்பு விமர்சனங்கள். 22 கருவி வாங்குவோருக்கு. 23 வரப்போகும் கச்சேரிகள், திருவிழாக்கள். 24 மீண்டும் விளம்பரம்.

4. பக்கத்துக்கு எத்தனை சொல் என்று முன்பே சொல்லுங்கள்

8.5 × 11 அளவில், உள்ளே 18, வெளியே 15, மேலே 15, கீழே 20 மில்லிமீட்டர் மார்ஜின் விட்டு, 11 புள்ளி (பாயின்ட்) எழுத்தில் அடைத்தால் படமே இல்லாத ஒரு முழுப்பக்கத்துக்குச் சுமார் 400 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். இதே பக்கத்தில் ஆங்கிலம் கணிசமாகக் கூடுதலாகப் பிடிக்கும். ஆங்கில டெம்ப்ளேட்டில் தமிழ் வழிந்து ஓடுவது இதனால்தான். உங்கள் எழுத்துருவில் ஒரு பக்கம் நிரப்பிப் பார்த்து உங்கள் கணக்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பக்க முதன்மைக் கட்டுரை என்றால் 2400 சொல் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு பக்கத்தில் படமும் தலைப்பும், நடுப்பக்கத்தில் பாதிக்கு மேல் படம். 1100 சொல் போதும். கட்டுரையாளரிடம் இந்த எண்ணைக் கொடுங்கள். படமெடுப்பவரிடம் டம்மியின் அந்தப் பக்கங்களைக் காட்டி, எங்கே அகலப் படம், எங்கே நெட்டைப் படம், எந்தப் பக்கத்தில் தலைப்புக்கு வெற்றிடம் வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். லே-அவுட் திட்டத்தின் பாதிப் பயன் இங்கேதான்.

5. கட்டமும் எழுத்தும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஆங்கில இசை இதழ்களில் மூன்று பத்தி, நான்கு பத்தி கட்டம் சாதாரணம். நம் பக்க அளவில் மூன்று பத்தி பிரித்தால் ஒரு பத்தியின் அகலம் சுமார் 57 மில்லிமீட்டர். தமிழில் அந்த அகலத்துக்கு ஒரு வரியில் மூன்று சொல்தான் வரும். இரண்டு ஓரத்தையும் சமப்படுத்தினால் அந்த மூன்று சொல்லுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். பக்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுவது தெரியும். கட்டுரைப் பக்கங்களுக்கு இரண்டு பத்தியே நல்லது. செய்தித் துணுக்குகளுக்கு மூன்று பத்தி வேண்டும் என்றால் இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை அப்படியே விடுங்கள். பார்க்கவும் உயிரோட்டமாக இருக்கும்.

சொல்லை வரி முடிவில் உடைப்பதில் தமிழுக்கென்று ஒழுங்கு உண்டு. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. ‘பாட்டு’ என்ற சொல்லை ‘பாட்’ என்று ஒரு வரியிலும் ‘டு’ என்று அடுத்த வரியிலும் உடைக்கலாம். ‘பா’ ஒரு வரியிலும் ‘ட்டு’ அடுத்த வரியிலும் வந்தால் படிப்பவர் தடுக்கி விழுவார். மென்பொருள் இதைக் கவனிக்கும் என்று நம்பாமல் ஒவ்வொரு பத்தியையும் கண்ணால் ஓட்டுங்கள். முடிந்தவரை சொல்லை உடைக்காமலே விடுவது உத்தமம்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் எழுத்துகள் மேலேயும் போகும், கீழேயும் போகும். 11 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி இடைவெளி குறைந்தபட்சம். தலைப்புகளில் இது இன்னும் சிக்கல். மேல் வரியில் ‘சூலூரில்’ என்றும் அதன் கீழே ‘கீர்த்தனை’ என்றும் வருகிறது என்று வையுங்கள். மேலே இருக்கும் சூ, லூ இரண்டின் சுழியும் கீழே இறங்கும். கீழே இருக்கும் கீ-யின் மேல்விலங்கு மேலே ஏறும். நெருக்கி வைத்தால் இரண்டும் இடித்துக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டுங்கள், இல்லையேல் சொற்களை வேறு வரிக்கு மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்குக் கீழே எந்தச் சொல் என்று பார்த்து உடைப்பது தமிழ்த் தலைப்பு வைப்பதில் பாதி வேலை.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று வேறுபடுத்திக் காட்ட வழிகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சாய்வெழுத்து மென்பொருளில் கிடைத்தாலும் தொடாதீர்கள்; எழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருக்கும். பருமன், அளவு, நிறம் மூன்றை வைத்தே எல்லாவற்றையும் சாதிக்கலாம். பேட்டியில் கேள்வி பருமனாக, பதில் சாதாரணமாக. பத்தித் தலைப்பு ஒரு நிறம். அவ்வளவு போதும்.

எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு விரிப்பதும் ஆங்கில வழக்கம்தான். ‘கொங்கு’ என்ற சொல்லை அப்படி விரித்தால் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். கண்ணுக்கு அது ஓர் எழுத்தாகத் தெரியாது.

எழுத்துரு இரண்டு போதும். கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இவற்றில் ஒன்று. தலைப்புக்கு கட்டமரன் அல்லது பாலூ தம்பி. எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், யூனிகோடு, அச்சுக்குப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துருக்களில் மேட்டர் வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றிய பிறகு ர-வும் காலும் இடம் மாறியிருக்கிறதா, ஔ சரியாக வந்திருக்கிறதா என்று சொல் சொல்லாகப் பாருங்கள்.

இன்டிசைனில் வேலை செய்பவர்கள் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், பக்கமே படிக்க முடியாது. கட்டணம் கட்ட வழியில்லை என்றால் ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கிறது.

6. அட்டை

ஓர் ஆள், ஒரு கருவி, ஒரு முகபாவம். கூட்டப்படம் அட்டைக்கு ஆகாது. மேல் கால் பகுதியில் இதழின் பெயருக்கு இடம் விட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். கலைஞர் நம் கண்ணைப் பார்ப்பது போல இருந்தால் நல்லது. பார்வை வலப்பக்கம் போனாலும் பரவாயில்லை, கை தானாகப் புரட்டும்.

கலைஞரின் தலை இதழின் பெயரைக் கொஞ்சம் மறைப்பது போல வைப்பது இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் பாதி எழுத்து மறைந்தாலும் படித்துவிடலாம். தமிழில் ஒரு மேல்விலங்கு மறைந்தால் சொல்லே மாறிவிடும். இதழின் பெயர் ‘கீதம்’ என்று வையுங்கள். மேல்விலங்கை மறைத்தால் ‘கதம்’ ஆகிறது, புள்ளியை மறைத்தால் ‘கீதம’ ஆகிறது. மறைக்கத்தான் வேண்டும் என்றால் எழுத்தின் நடு உடலை மறையுங்கள். மேல்விலங்கு, புள்ளி, கீழ்ச்சுழி மூன்றும் வெளியே இருக்கட்டும்.

அட்டைத் தலைப்புகள் மூன்று போதும். ஒன்று பெரிதாக, இரண்டு சிறிதாக, மூன்றும் ஒரே பக்க ஓரத்தில். மூலைக்கு மூலை எழுத்தைத் தெளித்தால் படம் செத்துவிடும். மாதம், ஆண்டு, இதழ் எண், தனிச்சுற்றுக்கு மட்டும் என்பதெல்லாம் பொடியெழுத்தில் பெயருக்குக் கீழே.

7. பொருளடக்கம்

இந்த அளவு இதழுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பக்க எண் பெரிதாக, தலைப்பு நடுத்தரமாக, கீழே ஒரு வரி விளக்கம். இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எண்களைக் கடைசி நாளில் நிரப்புங்கள். ஆசிரியர் குழுவின் பெயர்கள் இதே பக்கத்தின் அடியில் அடங்கிவிடும்.

8. முதன்மைக் கட்டுரை: 10 முதல் 15 வரை

வள்ளி ஒயில் கும்மியை எடுத்துக்கொள்வோம். கும்மி கற்றுக்கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த கோவை மாவட்டத்து எம். பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர் அவர். இப்போது ஊருக்கு ஊர் கும்மிக் குழுக்கள் ஆடுகின்றன, உங்கள் கல்லூரி மாணவிகளிலேயே ஆடுபவர்கள் இருப்பார்கள். மாணவர் இதழுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுரை கிடைப்பது கடினம்.

10, 11 தொடக்கம். இடப்பக்கம் முழுக்க ஆசான் ஒருவரின் முகம், ஓரம் வரை. வலப்பக்கத்தில் தலைப்பு, மூன்று வரி முன்னுரை, பிறகு கட்டுரை. தலைப்பு இரண்டு பக்கத்திலும் நீள வேண்டும் என்றால் மடிப்பு விழும் இடத்தில் சொல் முடிய வேண்டும், எழுத்து நடுவில் முறியக் கூடாது. மடிப்பின் இருபுறமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் வெறுமையாக விடுங்கள்.

12, 13 நடுப்பக்கம். வரிசை வரிசையாக ஆடுபவர்களின் அகலப் படத்தை இங்கே மட்டுமே முழுமையாகக் காட்ட முடியும். கும்மியின் அழகு ஒரே நேரத்தில் திரும்பும் அத்தனை கைகளிலும் இருக்கிறது. அதை ஒரு பக்கத்துக்குள் அடக்கினால் ஆள்கள் எறும்பாகிவிடுவார்கள். கொஞ்சம் உயரத்திலிருந்து, கோயில் திண்ணையோ மாடிப்படியோ கிடைத்தால் அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். யாருடைய முகத்திலும் பின் குத்தாதபடி நகர்த்துங்கள். படத்தின் கீழ்ப்பட்டையில் 150 சொல், அதற்கு மேல் வேண்டாம்.

14, 15-இல் கட்டுரையின் மீதி, இரண்டு சிறிய படங்கள், ஒரு பெட்டி. அடவுகள் என்ன, பாட்டு எப்படிப் போகும், எங்கே கற்றுக்கொள்ளலாம் என்பதெல்லாம் பெட்டிக்குள் போகட்டும். ஆசானின் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் போடுங்கள், அவர் பேசிய பேச்சிலேயே. ‘வாங்க, கத்துக்கங்க’ என்று சொன்னதை ‘வந்து கற்றுக்கொள்ளுங்கள்’ என்று திருத்தாதீர்கள். நம் பக்கத்துப் பேச்சில் இருக்கிற மரியாதையும் கனிவும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது.

9. சுரக்குறிப்பு, பாடல் வரி, க்யூஆர்

சுரக்குறிப்புப் பக்கத்தைச் சாதாரணக் கட்டுரை போல ஓட்டிவிட்டால் பாடம் செய்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆதிதாளத்தில் எட்டு எண்ணிக்கை, நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரியும். எட்டு நிரல் கொண்ட அட்டவணை போட்டு, கோடுகளை மறைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஓர் அறை கொடுங்கள். ஒவ்வொரு ஆவர்த்தனமும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஒரே வரியில் முடிய வேண்டும். இதற்குப் பக்கத்தின் முழு அகலமும் வேண்டும்; இரண்டு பத்தி இங்கே ஆகாது. ஸ்பேஸ் தட்டித் தட்டிச் சரிசெய்தால் அச்சகக் கணினியில் எல்லாம் கலைந்துபோகும்.

தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) சுரங்களுக்கு மேலே புள்ளி வைக்கிறோம். ரி, நி இரண்டிலும் ஏற்கெனவே மேல்விலங்கு இருக்கிறது, புள்ளி அதன்மேல் போய் உட்காரும். புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி உயர்த்தி வையுங்கள், வரி இடைவெளியை எழுத்தளவின் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் கொடுங்கள். அதற்குக் கீழே சாகித்தியம் (பாடல் வரி) சிறிய எழுத்தில், ஒவ்வொரு அசையும் தன் சுரத்துக்கு நேர் கீழே.

திரைப்பாடல் வரிகளை முழுதாக அச்சிடாதீர்கள். பாடலாசிரியர் காலமாகி 60 ஆண்டு ஆகும்வரை காப்புரிமை உண்டு. விமர்சனத்துக்கு ஓரிரு வரி மேற்கோளாகக் காட்டலாம்.

இசை இதழ் காதுக்கும் போக வேண்டும். கலைஞரின் அனுமதியோடு பதிவு செய்த இரண்டு நிமிட ஒலியை இணையத்தில் ஏற்றி, கட்டுரை முடியும் இடத்தில் க்யூஆர் குறி வையுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடத்தோடு. மடிப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், தாள் வளையும்.

10. படங்கள்

ஓரம் வரை போகும் முழுப்பக்கப் படத்துக்கு வெட்டுக்கான கால் அங்குலத்தைச் சேர்த்து 8.75 × 11.25 அங்குலம் வேண்டும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2625 × 3375 பிக்ஸல். 12 மெகாபிக்ஸல் போனில் நெட்டுக்குத்தாக எடுத்த படம் 3000 × 4000 இருக்கும், தாராளமாகப் போதும். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் சுருங்கிவிடும், கால் பக்கத்துக்கு மேல் தாங்காது. ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள்.

வசதிக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பாதீர்கள். பறை அடிப்பவரின் வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி. தவிலில் விரல்களில் கூடு மாட்டிய கை ஒரு பக்கம், கழி பிடித்த கை மறுபக்கம். திருப்பினால் எல்லாம் மாறிவிடும். வாசிப்பவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள், அந்தக் கலைஞருக்கும் மனது நோகும்.

மாரியம்மன் நோன்பி இரவுகளில் எடுத்த படங்கள் திரையில் அருமையாக இருக்கும். மேப்லித்தோவில் அடித்தால் முகம் இருட்டுக்குள் போய்விடும். முகத்தின் நடுத்தர வெளிச்சத்தைக் கண்ணுக்குச் சற்று அதிகம் என்று படும் அளவுக்கு உயர்த்துங்கள். பிறகு அதே தாளில் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பாருங்கள். படத்தில் இருக்கும் எல்லோருடைய பெயரும், ஊரும், வாசிக்கும் கருவியும் கீழே வர வேண்டும். ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று பொதுவாகப் போட்டு முடிப்பது சரியில்லை.

11. மெய்ப்பு, பிடிஎஃப், அச்சகம்

எல்லாப் பக்கத்தையும் உண்மையான அளவில் அச்செடுத்து, டம்மியின்மேல் ஒட்டிப் புரட்டுங்கள். மெய்ப்பு பார்ப்பவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், ஒருவர் கட்டுரைகளுக்குச் சம்பந்தமில்லாதவராக. அவரிடம் முதலில் தலைப்புகள், படக்குறிப்புகள், பக்க எண்கள் மூன்றையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிழை ஒளிந்துகொள்வது பெரிய எழுத்தில்தான்.

கலர்ப் பக்கங்களில்கூடக் கட்டுரை எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையில் அடித்த பொடியெழுத்து சற்று விலகினாலும் நிழலாடும். படங்கள் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை முறையில், ஓரம் போகும் எல்லாவற்றுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் கூடுதல் ஓரம். பிடிஎஃப்-ஐ ஒற்றைப் பக்கங்களாக, வரிசையாகக் கொடுங்கள். எந்தப் பக்கம் எந்த பிளேட்டில் என்பதை அச்சகத்தாரே அடுக்கிக்கொள்வார்கள். எழுத்துருவைப் பதித்துக் கொடுங்கள். அவர்களுடைய கணினியில் தமிழ் உடைகிறது என்றால் எழுத்தை அவுட்லைனாக (வரைவடிவமாக) மாற்றிய இன்னொரு பிரதியும் கையில் இருக்கட்டும்.

அச்சுக்குச் சிவகாசி போகிறீர்கள் என்றால் ஆண்டின் கடைசி மாதங்களைத் தவிருங்கள். காலண்டர், டைரி வேலையில் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. கோவையிலோ ஈரோட்டிலோ அடித்தால் முதல் தாள் ஓடும்போது நேரில் போய் நிற்பது சுலபம். அங்கே 12, 13 ஒட்டி வரும் தாளை வாங்கி மடித்து, படம் நேராக நிற்கிறதா, முகத்தின் நிறம் சோதனைப் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இதழ் வந்ததும் வேலைக் கோப்பு, எழுத்துருக்கள், பெரிய அளவுப் படங்கள், டம்மியின் புகைப்படம், அச்சகத்தின் விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, துறையின் கணினியிலும் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். அடுத்த ஆண்டுக் குழு வேலையைத் தொடங்கும் நாளில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.